எடையில்லாத பன்னிரண்டு லாரிகள்

அன்று எடைக்கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். அர்னோ எஃப்டிங் ஆகிய நான். என் மகள் மார்லிஸ். பத்தொன்பது ஆண்டுகளாக எடை பதிகிற ஜுரேமா. வெங்காயம் பயிரிடுவோர் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் ஓஸ்னி. அதன் செயலாளர் வால்டிர். ஆறாவது ஆள் வெங்காய விவசாயி அடெமார். அவர் கூடத்துக்குள் இல்லை, ஜன்னலுக்கு வெளியே தன் லாரியில் உட்கார்ந்திருந்தார். நடந்ததில் பாதி அவரால் நடந்தது என்பதால் அவரையும் சேர்த்தே எண்ணுகிறேன். இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. எங்கள் ஊரான இத்துபொராங்காவில் இன்று பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் கூடத்துக்குள் ஆறாவது ஆள் நிற்க இடம் கிடையாது. அங்கே முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் என் அப்பா அங்கே எடை பார்த்தார். அவருக்கு முன்னால் என் தாத்தா. தாத்தா செய்த முதல் காரியம், தராசின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தது. எடை போடுகிறவன் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த முள்ளை, வெங்காயம் கொண்டுவந்தவனும் பார்க்கட்டும் என்றார். அதற்காகவே உறுப்பினர்கள் கூடி, கூடத்தின் வாசலில் 'எஃப்டிங் தராசு' என்று மரப்பலகையில் எழுதி மாட்டினார்கள். நாங்கள் கேட்டு வாங்கிய பலகை அல்ல அது. மூன்று தலைமுறைகளில் ஒரு விவசாயிகூட எங்கள் எடையைப் பற்றி வாய் திறந்ததில்லை.

நான் ஓய்வு பெற்றபின் எடைக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஜுரேமா அதில் பழகிவிட்டாள். பிறகு தொண்ணூற்றேழில் சங்கம் புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கியது. ஜன்னல் ஜன்னலாகத் திறக்கிற, மவுஸ் வைத்த கம்ப்யூட்டர்கள். பழைய நிரலை மாற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தது. வால்டிர், குரித்திபா நகரத்து நிறுவனம் ஒன்றிடம் தயாராக இருந்த ஒன்றை வாங்கலாம் என்றார். நான் பொதுக்கூட்டத்தில் எழுந்து, "எங்க வீட்டுப் பொண்ணு இருக்கா. எஃப்டிங் தராசுக்கு எஃப்டிங் எழுதுவா. என் பேர வச்சுச் சொல்றேன்" என்றேன். கூட்டம் கை தூக்கியது. மார்லிஸிடம் நான் முன்கூட்டிக் கேட்கவில்லை. அது அவளுக்கு அன்று மாலைதான் தெரிந்தது.

மார்லிஸுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. மருந்துக் கடைக்கு மேலே ஒரு அறையில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு, பால் பண்ணைக்கும் மரக்கடைக்கும் நிரல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்யும் விதம் எனக்கு விநோதமாக இருந்தது. பொம்மை வீடு கட்டுவதுபோல இருக்கும். திரையில் புள்ளி புள்ளியாக ஒரு சாம்பல் நிறப் பலகை. பக்கத்தில் ஒரு பட்டையில் விதவிதமான சாமான்கள்: எழுத்து, காலிப் பெட்டி, பொத்தான், பட்டியல். மவுஸால் ஒன்றைப் பிடித்து இழுத்துப் பலகையில் போடுவாள். ஓரத்தைப் பிடித்து நீட்டுவாள், சுருக்குவாள். அக்கம்பக்கத்துப் பெட்டியோடு வரிசையில் நிறுத்துவாள். பச்சை விளக்குபோல ஒரு சின்ன முக்கோணத்தை அழுத்தினால் அந்தப் பலகை உயிர்பெற்று உண்மையான ஜன்னலாகிவிடும். முன்னெல்லாம் ஒரு பெட்டியைத் திரையில் காட்ட ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்குமாம். இப்போது கையால் பிடித்து வைத்தால் போதும் என்றாள்.

"அப்ப இதுல வேல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"எங்க வைக்கணும்னு தெரியணும்ப்பா. அதான் வேல."

அக்டோபர் நடுவில் சங்கக் கட்டடத்தில் காட்டினாள். பெரிய டிவியில் இணைத்து வைத்திருந்தார்கள். உறுப்பினர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். திரை அழகாக இருந்தது. மேலே நீலப் பட்டை. இடப்பக்கம் விவசாயியின் விவரம், வலப்பக்கம் லாரியின் விவரம், கீழே எடை. பதிவு செய்யும் பொத்தானில் ஒரு சின்ன வெங்காயப் படம். மார்லிஸ் மவுஸை வைத்துக்கொண்டு ஒரு லாரியை நிதானமாகப் பதிந்து காட்டினாள். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. சொந்த வீட்டுக்குக் கை தட்டிக்கொள்வது எங்கள் வழக்கமில்லை.

பிறகு ஜுரேமாவை உட்காரச் சொன்னார்கள்.

ஜுரேமா எடை பதிகிறதைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும். இடக்கையில் லாரிக்காரர் கொடுத்த சீட்டு. வலக்கை விசைப்பலகையின் எண் பகுதியில். உறுப்பினர் எண், என்டர். லாரி எண், என்டர். ரகம், என்டர். மூட்டை, என்டர். எடை, என்டர். கடைசியாக ஒரு என்டர், ரசீது வரும். மழை பெய்கிற மாதிரி ஒரே சீரான சத்தம். அன்றும் அப்படியே இரண்டு லாரிகளை அடித்தாள். அடித்து முடித்துத் தலையை நிமிர்த்தினாள்.

டிவியில் பன்னிரண்டு லாரிகள் இருந்தன. ஒன்றுக்கும் எடை இல்லை.

மார்லிஸ் பழகிய உலகத்தில், என்டர் என்றால் 'முடிந்தது, பதிவு செய்' என்று பொருள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போக வேறொரு விசை. ஜுரேமா பழகிய உலகத்தில் என்டர் என்றால் 'அடுத்து'. அவள் எண்ணை அடித்து என்டரைத் தட்டும்போதெல்லாம் வெங்காயப் பொத்தான் தானே அமுங்கி, அரைகுறை லாரி ஒன்று பதிவாகிவிட்டது. காலிப் பெட்டியோடு வந்தால் ஏற்காதே என்று சொல்லிவைக்கவும் என் மகள் மறந்திருந்தாள்.

பின்வரிசையிலிருந்து அடெமார்தான் தொடங்கினார்.

"சேயு அர்னோ, ஒங்க பாட்டன் காலத்துல லாரிக்கு எட இருந்துச்சுல்ல?"

சிரித்தார்கள். ஆண்களுக்கு 'சேயு', பெண்களுக்கு 'தோனா' என்று ஊரில் போடும் மரியாதையைக் கேலியிலும் விடவில்லை அவர். அடெமார் நிறுத்தவில்லை. "நல்லதுதான்பா. எடையில்லாத லாரி. ரோடு கெடாது, டயர் தேயாது."

அந்த வாரம் முழுக்க ரொட்டிக் கடையிலும் தேவாலய வாசலிலும் அதே பேச்சு. 'எஃப்டிங் லாரி' என்றால் காற்று ஏற்றிய லாரி என்று பொருளாகிவிட்டது. வால்டிர் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்தார்: அறுவடையின் முதல் நாள், முதல் பத்து லாரிகளுக்குப் புது நிரலைச் சோதிப்பது. பழையதைவிட நேரம் கூடுதலாக எடுத்தால் குரித்திபா நிறுவனத்தை அழைப்பது. எடைக்கூடத்தின் பெயரையும் மறுபரிசீலனை செய்வது.

மறுபரிசீலனை என்றால் பலகையைக் கழற்றுவது. அது எல்லோருக்கும் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் மார்லிஸிடம், "மூணு தலமொறப் பேர ஒரு சாயங்காலத்துல எறக்கிட்ட" என்றேன்.

அவள் கூக்கா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். வாழைப்பழம் வைத்தது. ஒரு துண்டை என் தட்டில் வைத்துவிட்டு, "பேரு எறங்கலப்பா. பன்னெண்டு லாரிதான் எறங்குச்சு. அத நான் ஏத்திக்கிறேன்" என்றாள்.

மறுநாளே என்டரைச் சரிசெய்துவிட்டாள். அது பெரிய காரியமில்லையாம். ஆனால் எடைக்கூடத்துக்கு எடுத்துப்போய் ஜுரேமாவைத் தட்டச் சொன்னபோது, மூட்டை எண் லாரிக்குப் போயிற்று, எடை ரகத்துக்குப் போயிற்று. அந்தப் புள்ளிப் பலகையில் ஒரு பெட்டியை எங்கே நகர்த்தினாலும், முதலில் எந்த வரிசையில் அதை இழுத்துப் போட்டோமோ அந்த வரிசையையே அது நினைவில் வைத்திருக்குமாம். மார்லிஸ் தன் மனதுக்கு வந்த வரிசையில் பெட்டிகளைப் போட்டுவிட்டு, பிறகு பார்வைக்கு அழகாக நகர்த்தியிருந்தாள். கண் ஒரு வழியில் போக, விரல் வேறு வழியில் போனது.

"இது ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள் ஜுரேமா.

"தெரியும் தோனா ஜுரேமா. தெரிஞ்சும் அழகு பாத்துட்டேன்."

"நான் எங்க அந்தத் திரையப் பாக்குறேன், நீ அழகு பாத்ததுக்கு?"

மார்லிஸ் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நான்கு நாட்கள் எடைக்கூடத்திலேயே உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அறுவடைக்கு முன்னால் வரும் சில்லறை லாரிகளை ஜுரேமா பழைய நிரலில் பதிந்துகொண்டிருக்க, இவள் பக்கத்தில் ஒரு முக்காலியில், மாத்தே என்கிற கசப்புத் தேநீர்க் குடுவையை அவளோடு கை மாற்றிக்கொண்டு, நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். நோட்டில் மூன்று பத்திகள்: சீட்டு, ஜன்னல், திரை. ஜுரேமாவின் கண் எங்கே போகிறதோ அங்கே ஒரு கோடு.

சீட்டுக்கு நாற்பத்தொரு கோடுகள். லாரியின் எல்லாச் சக்கரமும் எடைத்தட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஜன்னலுக்கு நாற்பத்தொன்று. திரைக்கு இரண்டு.

"அந்த ரெண்டு எதுக்கு?" என்றேன்.

"ஒண்ணு மணி பாக்க. இன்னொண்ணு, அதுல ஈ உக்காந்துச்சு."

"ஈய வேற எழுதி வச்சிருக்காளா இவ" என்றாள் ஜுரேமா சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐந்தாம் நாள் மருந்துக் கடை மாடிக்குப் போனேன். மார்லிஸ் பழைய திரை முழுவதையும் அழித்துவிட்டு, காலிப் பலகையைத் திறந்து வைத்திருந்தாள். லாரிக்காரர்களின் சீட்டு ஒன்றைத் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தாள். சீட்டில் எது முதலில் இருக்கிறதோ அதை முதலில் இழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே அடுத்தது. அதற்குக் கீழே அடுத்தது. நீலப் பட்டை போயிற்று, வெங்காயப் படம் போயிற்று. ஐந்து பெட்டிகள் ஒரு கம்பத்தில் அடுக்கிய மாதிரி நின்றன. அவற்றை இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, மீதி இடம் முழுக்க இரண்டே எழுத்துவரிகளை வைத்தாள். உறுப்பினர் எண்ணை அடித்தால் மேலே அந்த விவசாயியின் பெயர் வரும். எடையை அடித்தால் கீழே அது வரும். ஓரத்தைப் பிடித்து இழுத்து, இழுத்து, ஓர் எழுத்து உள்ளங்கை அகலம் வருமளவு பெரிதாக்கினாள்.

"ஜுரேமாவுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு. யாருக்கு இவ்ளோ பெருசா?" என்றேன்.

"ஜுரேமாவுக்கு இல்லப்பா" என்றாள். மேலே சொல்லவில்லை.

யாருக்கு என்பது அறுவடைக்கு முந்தைய நாள் தெரிந்தது. எடைக்கூடத்து மேசையில் இருந்த திரையைத் தூக்கி, முகம் ஜன்னலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். ஜுரேமாவுக்கு அதன் முதுகும் வயர்களும்தான் தெரிந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருக்க முடியவில்லை.

"என்னடி இது? பதியிறவ பாக்காத திரையா? நாளைக்கு வால்டிர் வந்து பாத்தா நமக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு எழுதி வப்பாரு. திருப்பு."

"அவங்கதான் பாக்கறதே இல்லியேப்பா. பாக்கறவங்க பக்கம் வச்சேன்."

"கடை ஜன்னலா இது, தெருவுக்குக் காட்ட? திருப்புன்னு சொல்றேன்ல."

ஜுரேமா நடுவில் புகுந்தாள். "விடுங்க சேயு அர்னோ. எனக்கு மூஞ்சிக்கு நேரா அனலடிச்சுக்கிட்டு இருந்துச்சு அது. அங்கயே இருக்கட்டும்."

நவம்பர் பதினேழு, திங்கட்கிழமை. காலை ஏழரைக்கே லாரி வரிசை ஆற்றுப் பாலத்தைத் தொட்டுவிட்டது. ஓஸ்னி தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். வால்டிர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திரையின் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டைத் திறந்தார். பழைய நிரலில் ஒரு லாரிக்கு, சீட்டு கைக்கு வந்ததிலிருந்து ரசீது வருவது வரை, சராசரி நாற்பது வினாடிகள். அதை முன்பே அளந்து எழுதி வைத்திருந்தார். அவர் நியாயமான மனிதர். அதுதான் எனக்குப் பயம்.

முதல் லாரி. மழைச் சத்தம். ரசீது வந்தது.

"இருபத்தெட்டு" என்றார் வால்டிர்.

இரண்டாவது இருபத்தேழு. மூன்றாவது இருபத்தொன்பது. எதிலும் எடை இருந்தது. ஓஸ்னி தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். மார்லிஸ் சுவரோடு ஒட்டி நின்றாள். கையைப் பின்னால் கட்டியிருந்தாள். நான் பாலம் வரை நின்ற லாரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காவது லாரி அடெமாருடையது. ஜன்னல் வழியாகச் சீட்டை நீட்டியபடியே, "இன்னிக்கு எட வருமா, இல்ல காத்துதானா?" என்றார். ஜுரேமா தட்டத் தொடங்கினாள். உறுப்பினர் எண், என்டர். லாரி எண், என்டர்.

வெளியே ஹாரன் அலறியது. விடாமல் அலறியது.

வால்டிர் பேனாவை எடுத்தார். அடெமார் பாதி உடம்பை லாரிக்கு வெளியே விட்டு, திரையைக் கையால் சுட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்து, நிறுத்து. அது யாரு பேரு? என் வெங்காயத்துல எதுக்கு அந்தக் களவாணி பேரு வருது?"

உள்ளங்கை அகல எழுத்துகளில் திரையில் இருந்தது அடெமாரின் மைத்துனர் பெயர். வேலித் தகராறில் ஆறு ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஜுரேமா சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "நானூத்துப் பதினொண்ணுன்னுதான போட்டிருக்க?"

"நானூத்துப் பதினேழு. என் நம்பர் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏழுக்கு நடுவுல கோடு போடு. ஊருல எல்லாரும் போடுறாங்கல்ல. இது ஒண்ணு மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது. நான் என்ன சோசியம் பாக்கவா உக்காந்திருக்கேன்?"

அடெமார் சீட்டை வாங்கிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். ஜுரேமா எண்ணை மாற்றி அடித்தாள். திரையில் பெயர் மாறியது. ரசீது வந்தது.

"எழுபத்திரண்டு வினாடி" என்றார் வால்டிர், எழுதிக்கொண்டே. "மத்தத விட்டுருங்க. இந்த லாரி நாற்பதைத் தாண்டிருச்சு."

என் காதில் வாசல் பலகை ஆணியோடு உரசுகிற சத்தம் கேட்டது. காற்றுதான்.

ஓஸ்னி மூலையிலிருந்து கேட்டார்: "ஜுரேமா, பழைய மெஷினா இருந்தா இதே லாரிக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

"நாப்பது வினாடி, தலைவரே. நாப்பதே வினாடில அடெமாரோட பதிமூணு டன் வெங்காயத்தை அவரு மச்சான் பேர்ல ஏத்தியிருப்பேன். எனக்குந் தெரிஞ்சிருக்காது, அவருக்குந் தெரிஞ்சிருக்காது. வருசக் கடைசில ரெண்டு பேரும் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு இங்க வந்திருப்பாங்க."

ஓஸ்னி சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே தலையை நீட்டி, லாரிக்காரர் பார்க்கிற இடத்திலிருந்து திரையைப் பார்த்தார். நின்று பார்த்தார். பிறகு வால்டிரிடம் திரும்பி, "நீங்களும் வந்து பாருங்க" என்றார்.

வால்டிர் போய்ப் பார்த்தார்.

அடெமார் இன்னும் லாரியை நகர்த்தவில்லை. திரையில் தன் பெயரும் அதற்குக் கீழே பதிமூவாயிரத்து நானூற்றறுபது என்ற எண்ணும் இருந்ததை அவர் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்தன.

"மார்லிஸ்" என்றார். என் மகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "எடையில்லாத லாரின்னு ஊரெல்லாம் சொன்னவன் நான்தான்."

"தெரியும் சேயு அடெமார்."

"இனிமே வேற மாதிரி சொல்றேன். இந்தத் திரைய யாராவது உள்பக்கம் திருப்புனா, நான் வெங்காயத்த ஆத்துல கொட்டிட்டுப் போயிருவேன்."

"மொதல்ல வண்டிய எடு" என்றாள் ஜுரேமா. "ஏழுக்குக் கோடு போடப் பழகிட்டு அப்புறம் ஆத்துல கொட்டு."

மீதி ஆறு லாரிகளில் எதுவும் முப்பது வினாடியைத் தாண்டவில்லை. பத்தும் முடிந்ததும் வால்டிர் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார். நோட்டில் அவர் எழுதியதை என் முன்னாலேயே உரக்கப் படித்தார். பத்தின் சராசரி முப்பத்திரண்டு. ஒரு பிழை, உரிமையாளராலேயே அந்த இடத்திலேயே திருத்தப்பட்டது. குரித்திபாவுக்கு எழுத வேண்டியதில்லை. பெயர் பற்றிய பரிசீலனை கைவிடப்படுகிறது. கையெழுத்துப் போட்டு ஓஸ்னியிடம் நீட்டினார், அவரும் போட்டார்.

சோதனை முடிந்தது என்று யாரும் வேலையை நிறுத்தவில்லை. வரிசை அப்படி. இருட்டுவதற்குள் தொண்ணூற்றுநான்கு லாரிகள் போயின. மதியத்துக்குமேல் ஒவ்வொரு லாரிக்காரரும் ஜன்னலுக்கு எதிரே வந்ததும் தன் பெயரையும் எடையையும் சத்தமாகப் படிக்கத் தொடங்கிவிட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எடைத்தட்டின்மேல் நின்று பெயர் சொல்லிவிட்டுப் போவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பெதெர்சன் வீட்டுக் கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படித்தார். அடுத்த ஆண்டு பக்கத்து ஊர்களான ரியோ தோ சுலிலிருந்தும் அல்ஃப்ரெதோ வாக்னரிலிருந்தும் சங்கத்துக்காரர்கள் வந்து பார்த்து, அதே திரை தங்களுக்கும் வேண்டும் என்று மார்லிஸிடம் கேட்டார்கள். இப்போது ஏழு எடைக்கூடங்களில் திரை தெருவைப் பார்த்து நிற்கிறது. மருந்துக் கடை மாடியில் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். பலகைக்குப் போன கோடையில் உறுப்பினர்களே புது வண்ணம் அடித்தார்கள்.

கடைசியாக ஒன்று. என் தாத்தா தராசைத் திருப்பி வைத்ததை நான் நினைவுபடுத்தி, அதே மாதிரி திரையையும் திருப்பச் சொன்னதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அன்று தாத்தாவை நினைத்தவன் நான் அல்ல. திரையைத் திருப்பியவள் மார்லிஸ். நான் கூடாது என்றேன்.